மேலே ஒரு கோட்டிங்

திருவல்லிக்கேணியில் பழைய வீடு வைத்திருப்பவர்களை அடையாளம் காண்பது சுலபம். ஐப்பசி பிறந்துவிட்டால் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். உத்திரத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்துவிட்டால் அவர்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “உங்க வீட்லயுமா?” என்று கேட்கும் குரலிலேயே சம்பந்தி உறவு வந்துவிடும்.

எங்கள் வீட்டைக் கட்டியது தாத்தாவின் அப்பா. பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுக்கொடுக்க ஒரு பலகைகூட இருக்காது. அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. எங்கள் வீட்டு எறும்புகள் எந்த மருந்துக்கும் அசையாததற்கு அந்த வெல்லம்தான் காரணம் என்பது பாட்டியின் கட்சி.

இந்தத் தளம் ஒழுக ஆரம்பித்தால் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டை இருக்கும் இடத்துக்கும் ஒழுகும் இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே நுழையும். ஜல்லிக்குள்ளேயே கொஞ்ச தூரம் நடக்கும். ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும். கடைசியில் நிதானமாக யோசித்து, பீரோவின் மேல், வீட்டுப் பத்திரம் இருக்கும் பக்கமாகப் பார்த்துச் சொட்டும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் அது சுமார் 2,360 லிட்டர் தண்ணீர். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தெருவே பதறியது. நாங்கள் பதறவில்லை. குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப் எனக் கிடைத்ததிலெல்லாம் கூடத்திலேயே சேகரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பரிகாரம் சொல்ல வந்தவர்கள் பலர். கலர் புத்தகத்தோடு வந்த கம்பெனிக்காரர் மாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “மேலே ஒரு கோட்டிங் போதும் சார், பத்து வருஷம் கியாரண்டி” என்றார். வெயிலையும் சேர்த்துத் தடுக்க மேலே கூலிங் டைல்ஸ் பதிக்கலாம் என்றார் இன்ஜினீயர். எதிர்வீட்டுக்காரருக்கு எதிலும் நம்பிக்கையில்லை. “மேலே தகர ஷீட் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க” என்றார். தகரத்தின் மேல் ஐப்பசி மழை விழும்போது எப்படித் தூங்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் பொதுவான சொல் ‘மேலே’. இருப்பதில் எதையாவது எடுக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பிறகுதான் மேஸ்திரி வந்தார். வயதானவர். மாடிக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். நடுமாடியில் கொட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்து டீ குடித்தார். தண்ணீர் கொஞ்ச தூரம் போனது, தயங்கியது, பிறகு எங்கள் குடும்பத்தார் மாதிரியே போகும் வழியை மறந்து ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

“வாட்டம் போச்சு சார்” என்றார்.

உளியை எடுத்து ஒரு மூலையில் பெயர்த்தார். முதலில் வந்தது வெள்ளைப் பெயிண்ட். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அண்ணன் அடித்தது. அதன் கீழே அப்பாவின் சிமெண்ட் பால். அதன் கீழே கறுப்பாகத் தார், சித்தப்பாவின் கைங்கரியம். அதற்கும் கீழே பெரியப்பா போட்ட ஒன்றரை அங்குல சிமெண்ட் பூச்சு. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க நடந்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று, 1904-இல், மெட்ராஸில்தான். பெரியப்பா சொந்த ஊர்ச் சரக்கைக் கைவிடுகிறவர் இல்லை. இத்தனைக்கும் அடியில், யார்மீதும் எந்த வருத்தமும் இல்லாமல், கொள்ளுத்தாத்தா காலத்துத் தட்டோடு சிவப்பாகப் படுத்திருந்தது.

நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் சிமெண்ட் பூசினால் ஏறத்தாழ அரை டன் எடை கூடும். ஒழுகலை நிறுத்தப் போட்ட ஒவ்வொரு அங்குலமும் உத்திரத்தை அழுத்த, உத்திரம் தொய்ய, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்க, தேங்கிய தண்ணீர் ஒழுக, அந்த ஒழுகலை நிறுத்த இன்னோர் அங்குலம் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒவ்வொருவரும் பூசியதில் தண்ணீர் வெளியேறும் தூம்புவாய் பாதி மூடிக்கொண்டது. மாடி உயர்ந்தது, தூம்பு உயரவில்லை.

“சுண்ணாம்புத் தளம் பருத்தி வேட்டி சார். நனையும், காத்து பட்டா உலர்ந்துடும். உங்காளுங்க அதுமேல ரெயின்கோட்டைப் போட்டுப் பொத்தானையும் தச்சுட்டாங்க. உள்ள போன ஈரம் வெளிய வரல. சுவத்துக்குள்ள இருக்கிற உத்திரத்தோட முனை, அங்கதான் உளுத்துப்போகும்” என்றார் மேஸ்திரி. கையால் அழுத்திக் காட்டினார். தேக்கு, ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. நல்லவேளை, உளுத்தது ஒரே உத்திரம்.

அடுத்து, பணம். மாடி மூன்று பங்காளிகளுக்குப் பொது என்று பத்திரம் சொல்கிறது. வடாம் காயவைக்க, பட்டம் விட, செல்போன் சிக்னல் தேட அது மூவருக்கும் பொதுதான். ஒழுகத் தொடங்கிய அன்றிலிருந்து அது, அடியில் படுத்திருக்கும் என்னுடைய மாடி ஆகிவிட்டது. பெங்களூரிலிருந்து சித்தப்பா, “நான் அந்தக் காலத்துலயே தார் போட்டுட்டேன்பா, என் பங்கு முடிஞ்சுது” என்றார். பெரியப்பா வீட்டில், அவர் போட்ட சிமெண்டை உடைப்பது அவரையே உடைப்பதற்குச் சமம் என்று பெரியம்மா கண் கலங்கினார். கண் துடைத்த பிறகும் பங்கு வரவில்லை.

வேலை நடந்தது. எங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது. மூன்று தலைமுறையின் ரப்பிஷ் மூட்டை மூட்டையாக மீன்பாடி வண்டியில் ஊர்வலம் போனது. கடுக்காய் வாங்க நாட்டு மருந்துக்கடைக்குப் போய்க் கிலோக்கணக்கில் சொன்னதும், கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்ல எத்தனை பேர் சார்?”

“கூரைக்குங்க.”

“கூரைக்குமா?” என்றார். அந்த ‘உம்’மில் என்மேல் இருந்த அனுதாபம் குறையவே இல்லை.

உளுத்த உத்திரத்துக்குப் பதில் பழைய கட்டடத்திலிருந்து பிரித்த தேக்கு வந்தது. சுண்ணாம்பு ஊறியது. சித்தாள்கள் தட்டினார்கள், தட்டும் சத்தத்தில் தெருவே பகல் தூக்கத்தை இழந்தது. வாட்டம் திரும்பி வந்தது, தூம்பு வாய் திறந்தது. பழைய தட்டோட்டில் நல்லதைப் பொறுக்கிக் கழுவி மறுபடி பதித்தார் மேஸ்திரி. கூலி வாங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “மேல எதுவும் போட மாட்டேன்னு சொல்லுங்க சார்.” சொன்னேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒரு சொட்டு இறங்கவில்லை. செய்தி எப்படியோ பெங்களூர் போய்ச் சேர்ந்து, சித்தப்பாவே போன் செய்தார்.

“ஒழுகலையாமே?”

“இல்ல சித்தப்பா.”

“தளம் ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொல்லு. அப்ப மேலே ரெண்டு ரூம் எடுத்துடலாமா? மாடி பொதுதானே?”

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரியின் நம்பரைக் கொடுத்தேன். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. அன்றிலிருந்து சித்தப்பா எனக்கும் போன் செய்வதில்லை.