நாரதருக வருவாக, சூதானம்!

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. மூணாவதுக்கு அப்பனாயிட்ட. இந்தக் காலத்துல அது லேசுப்பட்ட காரியமா? எங்க காலத்துல ஒம்பது பெத்தவளைப் பார்த்து, "பத்தாக்கி நிறுத்துனா எண்ண வசதியா இருக்குமே"ன்னு கேப்பாக. அப்புறம் செவப்பு முக்கோணம் வரைஞ்சு, நாம் இருவர் நமக்கு இருவர்னு செவருக்குச் செவரு எழுதுனாக. நாங்களும் மனப்பாடம் பண்ணுனோம். எழுதுன செவரே இடிஞ்சு போச்சு. அப்புறம் என்னடான்னா 2024-ல ஒரு கல்யாண மேடையில அப்ப இருந்த முதலமைச்சரே பதினாறு பிள்ளைப் பேச்சை எடுத்தாரு. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்குச் சராசரி 1.4 பிள்ளைன்னு நர்சம்மா சொல்லுச்சு. அந்தப் புள்ளி நாலு எந்த வீட்டுல தவழுதுன்னு எனக்குத் தெரியல. உன் வீட்டுல மூணும் முழுசு. முத்துலட்சுமி ரெட்டி பேருல சர்க்கார் குடுக்கிற 18,000 ரூபாயும் முதல் ரெண்டு பேறுகாலத்தோட சரி. அதனால இதை உன் காசுலயும் எம் புத்தியிலயும்தான் வளக்கணும். எம் புத்திக்குக் கூலி ரெண்டு கவுளி வெத்தலை, மறந்துராத.

தூளியில கிடக்கப் போறதைப் பத்தி நீ ஒண்ணும் யோசிக்காத. அது பசிச்சா அழுகும், நனைஞ்சா அழுகும், மத்த நேரம் தூங்கும். யாரு வந்தா, யாரு என்ன கொண்டாந்தான்னு அது கணக்கு வைக்காது. கணக்கெழுதுறதுக அந்தா வாசப்படியில உட்கார்ந்திருக்கு பாரு ரெண்டு, அதுகதான். ஏழு வயசு மூத்தவ, மூணு வயசுப் பய. பய மூஞ்சியப் பாத்தியா? அடகு வச்ச நகை ஏலத்துக்குப் போனவன் மாதிரி இருக்கான்.

பிள்ளைகளுக்குப் பொறாமை, பொறாமைன்னு புலம்புறியே, அது எங்கிட்டிருந்து வருது? பழனிக் கதையை யோசிச்சுப் பாரு. கைலாசத்துல ரெண்டு பயலுகளும் ஒண்ணா விளையாடிக்கிட்டுத்தான கிடந்தாய்ங்க? மாம்பழத்தைக் கொண்டாந்தவன் யாரு? நாரதன். விருந்தாடியா வந்தவன். வந்தவன் ரெண்டு பழமாக் கொண்டாந்திருக்கலாம்ல? மாட்டான், அவனுக்கு வேடிக்கை பாக்கணும். சரி, அவன்தான் அப்படி. பெத்தவுகளுக்கு எங்க போச்சு புத்தி? அந்த வீட்டுல அருவாமனையா இல்ல? நறுக்கிக் கொட்டையை நந்திக்குப் போட்டிருந்தா முடிஞ்சது சோலி. அதை விட்டுட்டுப் போட்டி வச்சாக. ஒருத்தன் கோமணத்தோட மலையேறி நிக்கிறான். நாம இன்னிக்கு வரைக்கும் காவடி தூக்கிக்கிட்டு ஏறுறோம். லோகத்துக்கே ஆத்தா அப்பன் வீட்டுலயே இந்த லட்சணம். நீ தாலுகா ஆபீஸ் கிளார்க்கு, கூடக் கொஞ்சம் சூதானமா இருக்கணும்.

நம்ம ஊரு நாரதருக நாளையிலருந்து வருவாக. ரொட்டிப் பாக்கெட்டும் ஆப்பிளுமா வருவாக. வந்ததும் நேரா இந்தப் பயகிட்ட, "என்னடா, இனிமே உங்காத்தா உன்னைய மடியில வைக்க மாட்டாளே! புதுப் பாப்பா வந்துருச்சே, உன்னைய எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா?"ன்னு கேப்பாக. அடுத்தவ, "உன்னைய நாங்க தவிட்டுக்குத்தானடா வாங்குனோம்"பா. எம்புட்டோ காலமா இந்த ஊருல இதே தமாசு. பிள்ளை தங்காத வீட்டுல, அடுத்துப் பொறந்ததை நிசமாவே தவிட்டுக்கு வித்து வாங்கி, பிச்சை, குப்பைன்னு பேரு வச்சு எமன் கண்ணுல மண்ணைத் தூவுனாக. உசுரைக் காப்பாத்தச் செஞ்சது அது. அதை எடுத்து இந்த மூணு வயசுப் பய தலையில போட்டா, அவன் ராத்திரிப் பாயை நனைக்காம என்ன செய்வான்? நீ என்ன பண்ற, அப்படிச் சொல்றவகளைப் பாத்து, "எம் பயலை யாரும் தவிட்டுக்கு வாங்கலத்தா, உனக்கு வேணும்னாத் தவிடு வாங்கிட்டுப் போ"ன்னு பய முன்னாடியே சொல்லு. மறுதடவை வாய் திறக்க மாட்டா.

இன்னொருத்தி சீனித்தண்ணியோட வருவா, பிள்ளை வாயில சேனை தொட்டு வைக்க. அவ குணம் பிள்ளைக்கு ஒட்டணுமாம்! அவ குணத்தை அவ மாமியாகிட்டக் கேட்டாத் தெரியும். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர பச்சைத்தண்ணிகூடக் கூடாதுன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கு. அதுக்காக வந்தவளை வெரட்டிராத. கிண்ணத்தை வாங்கிப் பய வாயில ஊத்திவிடு. அவளுக்குச் சேனை தொட்ட திருப்தி, அவனுக்குச் சீனி, பிள்ளைக்கு வயிறு பத்திரம்.

நாளைக்கு ஆஸ்பத்திரி வண்டியில பொண்டாட்டியைக் கூட்டியாரயில, பிள்ளையை நீ தூக்கிக்க. அவ கை வெறுங்கையா இருக்கட்டும். ஆபரேசன் வயிறு, பயலை இடுப்புல தூக்கக் கூடாது. வந்ததும் அவளை நாற்காலியில உட்கார வச்சு, அவனை ஏத்திப் பக்கத்துல நெருக்கி உட்கார வையி. ஆலாத்தி எடுக்கிறவ காத்திருக்கட்டும், ஒண்ணும் கெட்டுப் போயிராது.

தூளி கட்டுனா முதல்ல ஏறப் போறவன் அவன்தான். ஏறட்டும். "நீ என்ன பாப்பாவா, எறங்குடா"ன்னு சத்தம் போட்டீன்னா பொழுதன்னிக்கும் அதுக்குள்ளயே கிடப்பான். நல்லா நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, "பாப்பாவுக்கு முறுக்கு குடுக்கக் கூடாதாம்ல, பல்லு இல்லையாம்"னு முறுக்கை நீ திங்க ஆரம்பி. காலைத் தொங்கப் போட்டுக் குதிச்சு வருவான். பேரு வைக்கிறதுலயும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு. நேத்து நான் கேட்டேன். ஜேசிபின்னு வைக்கச் சொன்னான். கெட்ட பேரா என்ன? சோசியக்காரன் குடுத்த எழுத்துல நீங்க தேடி வச்சிருக்கிற பேரு என் வாயிலயே நுழையல.

அப்புறம், இதைக் கேளு. பிள்ளை வந்த வாரமே பயலைப் பால்வாடிக்கு அனுப்பிராத. உம் பொண்டாட்டிக்கு ஓய்வு வேணும், நான் ஒத்துக்கிறேன். ஆனா அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தி உள்ள வந்தா, என்னைய வெளிய அனுப்புனாகன்னுதான் தெரியும். அனுப்புறதா இருந்திருந்தா ரெண்டு மாசம் முந்தியே பழக்கியிருக்கணும். இப்ப ஒரு மாசம் போகட்டும். அப்புறம் முட்டை போடுற நாளாப் பாத்து அனுப்பு.

இம்புட்டு நேரமும் பயலைப் பத்தியே பேசுறேன்னு பாக்கிறியா? அவன் கத்துறான், அதனால நமக்குக் கண்ணுல படுறான். அந்தப் பெரியவ இருக்காளே, சத்தமே இல்ல. நேத்து பாப்பாவுக்குத் துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கா. வாரவக போறவக எல்லாம், "குட்டி அம்மா! எம்புட்டுப் பொறுப்பு!"ன்னு கன்னத்தைக் கிள்ளுறாக. எனக்கு அதுதான் வயித்தைக் கலக்குது. அந்தப் பொறுப்பு எனக்குத் தெரியும்யா. எங்காத்தா வயலுக்குப் போனா தம்பி என் இடுப்புல. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே, அவன் அழுதப்ப மணியடிக்கிற சத்தத்தைக் காட்டி அமத்தத்தான். இந்த ஊருல என் வயசுப் பொம்பளைகளைக் கூட்டிக் கேளு; பாதிப்பேரு பிள்ளை பெறுறதுக்கு முன்னாலயே ரெண்டு பிள்ளை வளத்தவளுகளா இருப்பாளுக. ஒருத்தியும் யாருக்கும் பொறாமைப்படல. பொறாமைப்பட நேரம் எங்க இருந்துச்சு?

அதனால, அவ தூக்க ஆசைப்பட்டாக் குடு. சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, தலையைத் தாங்கச் சொல்லிக் குடு. துணி எடுத்துட்டு வாடி, கதவைச் சாத்துடி, தம்பியைப் பாருடின்னு ஏவ ஆரம்பிச்சியோ, எம் புத்திக்கு வெத்தலை வேணாம், கம்புதான் வேணும். வாரத்துல ஒரு நா சாயங்காலம் அவளை மட்டும் வண்டியில ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போ. அவ கேக்குறதை வாங்கிக் குடு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பாப்பா பேச்சை நீயா எடுக்காத.

என்ன, தலையைச் சொறியிற? உன்னைய யாருமே கவனிக்கலைன்னு இருக்கா? இருக்கும், இருக்கும். மூணு பிள்ளை வந்தா நாலாவதா ஒண்ணு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையும், அதுக்கு மீசை இருக்கும். உங்க தாத்தாவும் இப்படித்தான், ஒவ்வொரு பேறுகாலத்துக்கும் அவருக்குத்தான் முதல்ல இடுப்பு வலிக்கும். இந்தா, முறத்துல ஒரு கிலோ பூண்டு இருக்கு, உம் பொண்டாட்டி பத்தியக் குழம்புக்கு. உரி. நகத்தை வெட்டிட்டு உரி.