பணி விடுவிப்பு கோரும் மனு

அனுப்புநர்: ஞாயிறுதோறும் தாமிரபரணியில் இறங்கும் தன்னார்வலர்கள், பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை.

பெறுநர்: தாமிரபரணிக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள் (எந்தத் துறை என்பதைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: நியமிக்கப்படாத பணியிலிருந்து விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்களும், 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்த பதில்களும்.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர்களுக்கு நியமன ஆணை கிடையாது. சம்பளம், பயணப்படி, சீருடை எதுவும் கிடையாது. ஆனால் வேலை இருக்கிறது, அதுவும் நிரந்தரமாக. விடிந்ததும் சாக்கும் கொக்கியுமாகப் படித்துறைக்கு வந்துவிடுகிறார்கள்: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பத்து மணிக்குக் கடை திறந்தால் போதும் என்றிருக்கும் வியாபாரிகள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள். வெயில் ஏறுவதற்குள் கரையில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே அளவு சரக்கு தயாராக இருக்கும். ஆள் சும்மா இருந்துவிடக் கூடாது என்று இவ்வளவு அக்கறை காட்டும் இன்னொரு வேலைவாய்ப்புத் திட்டம் இந்த மாவட்டத்தில் இல்லை.

இந்த வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தால், ராஜினாமாவை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஆற்றுக்குச் சொந்தக்காரர் நீர்வளத் துறை. 2021 வரை அது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. கரை, வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு. குப்பை உள்ளாட்சியின் சொத்து: பாபநாசத்தில் விக்கிரமசிங்கபுரம் நகராட்சி, கீழே வரவரப் பேரூராட்சிகள், ஊராட்சிகள், பிறகு திருநெல்வேலி மாநகராட்சி. படித்துறைக்கு மேலே கோபுரம் தெரிந்தால் அறநிலையத் துறை. பாபநாசத்துக்கு மேலே மலை ஏறினால் வனத்துறை. தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். பரிகாரம் முடித்துக் குளித்தவர் அதைப் பாபநாசம் படியில் அவிழ்த்துப் போடுகிறார். படியில் கிடக்கும்வரை அது ஒரு துறை. நழுவித் தண்ணீரில் விழுந்ததும் வேறு துறை. கோடைமேலழகியான் அணைக்கட்டில் சிக்கினால் பாசனப் பிரச்சினை. கரையோர வேரில் மாட்டினால் புறம்போக்கு ஆக்கிரமிப்பு. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளையும் தாண்டுவதற்குள் மாவட்டமே மாறி, தூத்துக்குடி ஆகிவிடும்; கோப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இத்தனை பேருக்கு உரிய அந்தச் சேலை, ஒரு தன்னார்வலர் கையில் வந்த நொடியில் மட்டும் யாருக்கும் உரியதல்ல.

அதை இழுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். முந்தானை மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும், மீதி ஐந்து கெஜமும் மணலுக்கு அடியில். மடிப்புக்குள் மணல் ஏறி, பாறை இடுக்கில் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒருவர் இழுத்தால் வராது. இரண்டு பேர் இழுத்தால் பாதியில் கிழியும். மூன்றாவது ஆள் முங்கிக் கீழே அறுத்துவிட வேண்டும். வெளியே வரும்போது அதோடு ஒரு வேட்டி, இரண்டு உள்பாவாடை, உடைந்த வளையல், ஷாம்பு பாக்கெட் எல்லாம் கோத்துக்கொண்டு வரும். பழைய காலத்துப் பருத்தி சில மாதங்களில் மக்கிப்போனது. பாலியஸ்டருக்கு அந்த அவசரம் இல்லை. பாவம் கரைந்ததா என்று மனுதாரர்களுக்குத் தெரியாது, துணி கரையவில்லை என்பதற்கு மட்டும் அவர்கள் சாட்சி. பாபநாசத்தில் இப்படி எடுத்த துணிகள் டன் கணக்கில். சிவகளை அகழாய்வுத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தாமிரபரணிக் கரையில் இன்னொரு மூவாயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவர்களுக்கு ஜரிகை பார்டர் முழுசாகக் கிடைக்கும்.

நன்றி மறந்தவர்கள் என்ற பெயர் வரக் கூடாது என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். மாபெரும் தூய்மைப் பணி என்று ஒரு நாள் வரும். முதலில் வருவது பேனர். பத்தடிக்கு எட்டடி, அசல் பி.வி.சி. ஃபிளெக்ஸ். அதில் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற வாசகம். பிறகு மெல்லிய கையுறை வரும். முதல் கருவேல முள்ளிலேயே அதன் ஆயுள் முடிந்து அதுவும் குப்பைக் கணக்கில் சேரும். சிறப்பு விருந்தினர் குனிந்து ஒரு பாட்டிலை எடுப்பார். படம் சரியாக வரவில்லை என்றால் அதே பாட்டிலைத் திரும்பப் போட்டு எடுப்பார். தேநீர் வரும் காகிதக் கோப்பையின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைகளில் அதுவும் ஒன்று. கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கோப்பைகளைப் பொறுக்குவதும் மனுதாரர்கள்தான். சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டிருக்கும்.

சாக்கில் அள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. சாக்கடை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுவதும் மாசுபட்ட 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆறு பகுதிகள், அவற்றுள் தாமிரபரணியும் ஒன்று. இது தென் மாவட்டங்களின் குடிநீர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024 நவம்பரில் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாதாளச் சாக்கடைத் திட்டம் கட்டம் கட்டமாக நடக்கிறது. கழிவுநீர் அப்படிக் காத்திருப்பதில்லை. அது கலக்கும் இடத்துக்குக் கீழேதான் தண்ணீரை மூடும் அமலைச்செடி செழித்துப் படர்கிறது. அதையும் தன்னார்வலர்களே பிடுங்குகிறார்கள். செடிக்கு உரம் போடுவது யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தன்னார்வலர் கிடைக்கவில்லை.

ஆறு நேரிலும் ஒருமுறை மனு கொடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு, கொக்கிரகுளத்தில் தன்னை ஒட்டியே இருக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தது. உயிரும் உடைமையும் போன வெள்ளம் அது, அதில் சிரிக்க எதுவும் இல்லை. ஆனால் டிசம்பர் 18 திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். டோக்கன் வாங்காமல் வந்ததுதான் ஆற்றின் மேல் சொல்லக்கூடிய ஒரே குற்றம். வெள்ளம் வடிந்தபோது கரையோர மரங்களில் துணியும் பாலிதீன் பையும் தொங்கின. மனுவோடு ஆதாரத்தையும் இணைக்க வேண்டும் என்ற விதியை அது கடைப்பிடித்திருக்கிறது.

ஆகவே மனுதாரர்களை விடுவித்து, பொறுப்பை ஒப்படைக்க ஒரு நாள் குறித்துத் தர வேண்டும். ஒப்படைக்க அதிகம் இல்லை: சாக்குகள், இரண்டு மூங்கில் கொக்கி, துரு ஏறிய அரிவாள், மீதமிருக்கும் சான்றிதழ்கள். பொறுப்பேற்பவருக்கு ஆலோசனையும் உண்டு. பாபநாசம் படித்துறையில் அமாவாசைதோறும் ஆளும் தொட்டியும் நிற்க வேண்டும். துணியை வாங்கிக்கொண்டால் அது ஆற்றுக்கே போகாது. தொட்டி நிரம்பினால் அன்றே காலியாக வேண்டும். ஆற்றில் விழும் ஒவ்வொரு கழிவுநீர் வாய்க்கும் ஓர் எண்ணும், அதை அடைக்கப் பொறுப்பான அலுவலரின் பதவியும் கரையிலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். குப்பை கொட்டாதீர் என்ற பலகைகள் ஏற்கெனவே ஏராளம் இருப்பதால், அவற்றின் பின்பக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். செலவு மிச்சம்.

இந்த மனு தங்கள் அலுவலகத்துக்கு உட்பட்டதல்ல என்று தாங்கள் கருதினால், எந்த அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பவும். அந்த ஒரு வரிக்காக மனுதாரர்கள் கையில் இருக்கும் சான்றிதழ்கள் அனைத்தையும் திருப்பித் தரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் 'சமூக ஆர்வலர்கள்' என்று குறிக்கப்பட்டிருப்பவர்கள்

இணைப்பு: சேலை ஒன்று (துவைக்கப்படாதது, பாதி). மறுபாதி இன்னும் பாறைக்கு அடியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு சமர்ப்பிக்கப்படும்.