காப்பாற்ற வந்த கம்பெனியார்

தொப்பூர்க் கணவாயில் இன்று லாரிக்காரர் முதல் கல்யாண வேன் வரை எல்லோரும் சுங்கம் கட்டித்தான் கடக்கிறார்கள். கட்டாமல் போனவை படைகள் மட்டும்தான். கட்டாதது போகட்டும், வசூல் பண்ணிக்கொண்டும் போயின. 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, இன்றைய தருமபுரி வட்டாரம் அடங்கிய பாராமகாலைப் பிடித்தது. சில மாதங்களில் மைசூரின் ஹைதர் அலி அதைத் திருப்பிப் பிடித்தார். 1790 நவம்பரில் இதே கணவாய் வழியாகத் திப்பு சுல்தான் தெற்கே இறங்க, பின்னாலேயே கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் துரத்திக்கொண்டு வந்தார். அந்த வருடம் துரையவர்கள் பாராமகாலுக்கு வந்த காரணம் என்ன தெரியுமா? திருவிதாங்கூரைக் காப்பாற்ற!

சிரிக்காதீர்கள். அப்போது இது மகா புனிதமான காரணம்.

1789 டிசம்பர் கடைசியில் திப்பு திருவிதாங்கூரின் எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார். இதில் மழுப்பல் வேண்டாம், தாக்கியவர் அவர்தான். டச்சுக்காரர்களிடமிருந்து திருவிதாங்கூர் ராஜா கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் விலைக்கு வாங்கியது திப்புவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் படையெடுக்கலாம் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. மலபாரிலிருந்தும் குடகிலிருந்தும் ஜனங்களைப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிப்போனவருக்கு, அடுத்தவன் எல்லை என்பது எப்போதும் ஒரு யோசனையாக மட்டுமே இருந்தது.

உடனே கம்பெனிக்கு மனசாட்சி விழித்தது. அதற்கு ஆறு வருடம் முன்புதான், 1784இல், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் தங்கள் தேசத்தின் கௌரவத்துக்கே ஒவ்வாதவை என்று லண்டன் பாராளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. கௌரவம் அப்படியே இருக்கட்டும், நட்பு நாட்டைக் காப்பது வேறு விஷயம் அல்லவா? நிஜாமையும் பேஷ்வாவையும் கூட்டுச் சேர்த்தார்கள். ஜெயித்த நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்பது 1790 ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று, சொத்தும் பிரித்தாயிற்று. திப்பு மட்டும் என்ன? பிரெஞ்சு ராஜாவிடம் தூது விட்டு, படை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்நியத் தலையீடு தப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. எதிராளியின் அந்நியன்தான் தப்பு.

1792இல் கணக்குத் தீர்த்தார்கள். மைசூரில் பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், அதோடு பிணையாகத் திப்புவின் இரண்டு சிறுவர்கள். பெரியவனுக்கே பத்து வயதுதான் இருக்கும். அந்தக் குழந்தைகளைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தகப்பனைப்போல வரவேற்பதாகச் சித்திரம் எழுதித் தள்ளினார்கள். சென்னையில் அவருக்குச் சிலை வைத்து, அதன் பீடத்திலும் அதே காட்சியைச் செதுக்கினார்கள். பிள்ளை பிடித்ததைப் பெருமையாகக் கல்லில் வெட்டிக்கொண்ட நாகரிகம் அது.

பங்கில் கம்பெனிக்கு வந்தவை மலபார், திண்டுக்கல், சேலம், பாராமகால். நெடுங்கோட்டை இருந்தது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், அரபிக்கடல் ஓரம். அதற்கு ஏற்பட்ட அநியாயத்துக்குத் தருமபுரி எப்படிப் பரிகாரம் ஆயிற்று என்று கேட்க இங்கே யாருக்கும் வாயில்லை. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து, தீர்வை விதித்தார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரிக்கு இங்கேதான் விதை போட்டார்கள். மன்றோ நல்லவர் என்று நம் ஜில்லாவில் இன்றும் சொல்வார்கள். இருக்கட்டும். நல்ல தாசில்தார் வந்ததால் படையெடுப்பு நல்லதாகிவிடாது.

சரி, காப்பாற்றப்பட்ட திருவிதாங்கூராவது பிழைத்ததா? 1805 ஒப்பந்தப்படி காவல்கூலி வருடத்துக்கு எட்டு லட்சம் ரூபாய். கட்டிக் கட்டி முதுகு ஒடிந்து, 1808-09இல் தளவாய் வேலுத்தம்பியே காவல்காரன்மேல் வாளெடுக்க வேண்டி வந்தது. முடிவில் செத்தவரும் அவர்தான்.

இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நமக்குக் கிடைத்த விவாதம் என்ன? திப்பு தியாகியா, துரோகியா. கர்நாடகத்தில் 2015இல் அவர் ஜெயந்தியை அரசு விழாவாக்கினார்கள், 2019இல் ரத்து செய்தார்கள். இரண்டு தரப்புக்கும் மைக் உண்டு, மாலை உண்டு. ஒருவன் முதலில் அடித்தான் என்று நிரூபித்துவிட்டால் இரண்டாமவன் சுருட்டியது செல்லுபடியாகும். இரண்டாமவன் சுருட்டினான் என்று நிரூபித்தால் முதலாமவன் அடித்தது மறந்துபோகும். இந்தச் சலவைத் தொழிலுக்குச் சரித்திரம் என்று பெயர்.

இதே சோப்பு இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்தவர் அங்குள்ள ஜனங்களைக் காக்கப் போனதாகத்தான் சொன்னார். 2003இல் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களிலிருந்து உலகைக் காக்கப் போனவர்கள், அந்த ஆயுதங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள். 1994இல் ருவாண்டாவில் நிஜமாகவே காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது. கொலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. தன் படையைச் சுமார் 2,500 பேரிலிருந்து 270 ஆகக் குறைக்க முடிவெடுத்தது.

2009இல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், நாமும் கத்தினோம். சென்னையிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் தெருவில் நின்று, யாராவது தலையிடுங்கள் என்று கெஞ்சினோம். முள்ளிவாய்க்காலில் மிளகு விளையவில்லை, எண்ணெய் ஊறவில்லை. பீரங்கிக்கு நடுவே மணல்திட்டும் ஜனங்களும் மட்டுமே இருந்தார்கள். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. தான் கடமை தவறியதாக 2012இல் ஐ.நா.வின் உள் ஆய்வே சொன்னது.

குண்டு போட்டவன்தான் குற்றவாளி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவனுக்கு ஆயுதம் கொடுத்தவர்களும், ராடார் கொடுத்தவர்களும், கண்ணை மூடிக்கொண்டவர்களும் பிறகு ஜெனீவாவில் நாற்காலி போட்டு, பொறுப்பு யாருடையது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.