குளிருக்குக் காசு கட்டினோம்

பெப்ரவரி மாதம் முழுவதையும் வெளிநாட்டுச் சிறு பட்டணம் ஒன்றில் கழிப்பதென்று முடிவானதும் மனைவி கணினியில் ஓர் அட்டவணை போட்டார். இடப்பக்கம் பதினொரு பட்டணங்கள். மேலே கேள்விகள்: ஏற்றம் இறக்கம் உண்டா? மீன் சந்தைக்கு எத்தனை நிமிட நடை? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? புழுங்கலரிசி கிடைக்குமா? ரொறன்ரோவில் பனி தள்ளித் தள்ளி எனக்கு முதுகு போய்விட்டது, அவருக்கு முழங்கால். கனடாக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவில் 90 நாள் விசா கேட்கமாட்டார்கள் என்பதால் வரைபடத்தில் விரல் வைத்த இடமெல்லாம் எங்களுக்குத் திறந்தே இருந்தது.

குளிர்காலத்தில் ஐரோப்பியச் சிறு பட்டணத்துக்குப் போய்த் தங்குவது எனக்கு இது இரண்டாம் தடவை. முதல் தடவை 1985 ஜனவரி. அப்போது அட்டவணை போட்டது ஜெர்மன் அரசாங்கம்.

கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லின். அங்கே ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு பேர்லின். கிழக்குக்காரன் முத்திரை குத்தி அனுப்பிவிடுவான். மேற்குக்காரனோ அதை எல்லை என்றே ஒத்துக்கொள்ளாதவன், ஆகவே அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் நிற்பதில்லை. இரண்டு வல்லரசுகளின் வீம்புக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளியால் எங்கள் பெடியள் எத்தனையோ பேர் நுழைந்தார்கள். அகதி மனுக் கொடுத்ததும் ஒரு கடதாசியில் ஊரின் பெயரை அடித்துத் தந்தார்கள். மூன்று மெய்யெழுத்து ஒன்றாக வந்து பல்லை உடைக்கும் பெயர். அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது. ஏற்றம் இறக்கம் உண்டா என்று நான் கேட்கவில்லை. உண்டு. மலை உச்சியில், வியாபாரம் படுத்துப்போன பழைய விடுதி ஒன்றில் எங்களைப் போட்டார்கள்.

அந்த மாதம் ஐரோப்பா முழுவதும் குளிர் கொன்றது. ஆனால் எங்கள் அறையில் இரும்பு வெப்பமூட்டி ஒன்று இரவு பகலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு அளந்து வந்தது, முத்திரை அளந்து வந்தது, சூடு மட்டும் அளவில்லாமல் வந்தது. அதன் மேல் உள்ளாடை காயப்போட்டோம், பாணை வைத்து மொறுமொறுவென்று சூடாக்கினோம். வெளியே மைனஸ் இருபது. உள்ளே ஆறு பேரும் சாரத்தைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு 304 விளையாடுவோம். வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்தால் காவற்காரர் படி ஏறி ஓடிவந்து, “ஃபென்ஸ்டர்! ஃபென்ஸ்டர்!” என்று கத்துவார். நான் படித்த முதல் ஜெர்மன் சொல் அதுதான். முதல் கிழமை அதை ஒரு கெட்ட வார்த்தை என்றே நினைத்திருந்தேன்.

இப்போதைய அட்டவணைக்கு வருவோம். ஸ்பெயினின் நெர்ஹா, படிகள் காரணமாகப் போனது. போர்த்துக்கலின் நசரே, குளிர்காலத்தில் மாடி வீட்டு உயரத்துக்கு எழும் அலைகளால் போனது. “அலை பார்க்கவோ போறம்?” என்றார் மனைவி. அல்புஃபெய்ராவில் கோடைக்காரர் போனதும் பாதிக் கடைகள் பூட்டு. மிஞ்சியது தவீரா. போர்த்துக்கலின் தென்கோடி, ஃபாரோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். ஊர் நடுவே ஒரு சிறிய ஆறு, ரோமர் கட்டியது என்று ஊரார் சொல்லும், உண்மையில் அதற்குப் பிந்திய காலத்துப் பாலம், சமதரையான ஆற்றங்கரை. ஊருக்கு வெளியே உப்பளம், உப்பளத்தில் பூநாரைகள். ஆனையிறவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதிகம் யோசிக்க இருக்கவில்லை. ஆனாலும் மனைவி எல்லாப் பெட்டிகளையும் பச்சையாக்கிய பிறகுதான் பணம் கட்டினார்.

அட்டவணையில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தது: வீட்டுக்குள் சூடு உண்டா? கனடாவில் நாற்பது வருசத்தை நெருங்கியவனுக்கு அப்படி ஒரு கேள்வி உண்டென்பதே தோன்றாது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. தடித்த சுவர், ஓடு பதித்த நிலம், வெப்பமூட்டி என்று எதுவும் கிடையாது. பகலில் வெளியே 17 பாகை இளவெயில், உள்ளே 13. மனிதர் குளிர் காய வெளியே போகும் ஊரை நான் முதன்முதலாகக் கண்டேன். மனைவி ரொறன்ரோக் கோட்டைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி போட்டார். சில்லு வைத்த மின் அடுப்பு ஒன்று மூலையில் நின்றது, மின்கட்டணம் புறம்பு என்ற அறிவித்தலோடு. விடுதிக் கூட்டாளி ஒருவன் இன்றும் ஜெர்மனியில் இருக்கிறான். தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவனுக்கு நேரம் எடுத்தது. “சும்மா கிடைச்ச சூட்டை விட்டிட்டுப் போய், காசு கட்டிக் குளிருறாய், என்ன?”

குளிரைத் தவிர மற்றதெல்லாம் அட்டவணை சொன்னபடிதான். சொல்லாத ஒன்று வெதுப்பகத்தில் காத்திருந்தது. எனக்கு முன் நின்ற கிழவர் பாண் கேட்டார். மூக்கால் சொன்னாலும் பாண் பாண்தான். பின் மேசை என்றார்கள், சப்பாத்து என்றார்கள். குசினியைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்ற போர்த்துக்கீசர், கோட்டையைப் பறிகொடுத்தாலும் எங்கள் குசினியில் குடியிருந்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா சாவியை நீட்டி ‘ஷாவ்’ என்றபோது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சொல் தமிழ்நாட்டுக்காரரின் வாயில்தான் நிலைத்தது, எங்களுக்கு அது திறப்பு.

மூன்றாம் நாள் அந்த அம்மா தன் மரத்துத் தோடம்பழங்கள் ஒரு பையோடு வந்தார். கம்பளியைப் போர்த்தபடி இருந்த எங்கள் இருவரையும் பார்த்தார். பையை வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி ஒரு நீண்ட பேச்சுப் பேசினார். நான் தொலைபேசியில் மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“மத்தியானத்தில யன்னலத் திறந்து வெளி வெக்கைய உள்ளுக்கு விடட்டாம். பொழுதுபட முன்னம் சாத்தட்டாம்,” என்றார் மனைவி.

“உமக்கு எப்ப போர்த்துக்கீசு தெரியும்?”

“யன்னல் யன்னல் எண்டுதானே மனிசி சொல்லுது. காதில விழேல்லையே?”

அந்த அம்மா தானே போய் யன்னலை அகலத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் இருந்ததைக் காட்டி ஏதோ சொன்னார். இம்முறை எனக்கும் விளங்கியது. கதிரையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனேன்.