நாலு பேரை விசாரிக்காமலே விசாரிப்பது எப்படி?

வாழ்த்துகள்! அமெரிக்க அரசுக்குப் பின்னணி விசாரணை செய்யும் வேலை கிடைத்துவிட்டது உங்களுக்கு. அரசு ஊழியர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அரசிடம் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் கம்பெனியின் ஆள் நீங்கள். ராணுவத்திலோ உளவுத்துறையிலோ ரகசியக் கோப்பைத் தொடப்போகிறவர் ஒவ்வொருவரும் ‘எஸ்.எஃப்.86’ என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும். நூறு பக்கத்துக்கு மேல். எங்கெங்கே குடியிருந்தார், யாரிடம் கடன்பட்டார், எந்தெந்த நாட்டுக்குப் போனார், என்ன புகைத்தார், எல்லாம் அதில் இருக்கும். அதெல்லாம் நிஜந்தானா என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டு எழுதுவது உங்கள் வேலை. இதில் கேட்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதுவதற்குத்தான் கணக்கு.

கீழே சொல்வதைச் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். மீதியையும் பழகிவிட்டால் நிம்மதி.

1. திறக்கிற கதவை மட்டும் தட்டுங்கள்.

பேட்டி எடுத்தால் இத்தனை யூனிட், ஆவணம் பார்த்தால் இத்தனை யூனிட். நாளுக்கு இவ்வளவு என்று டார்கெட். கதவைத் தட்டி ஆள் வந்தால் யூனிட்; வராவிட்டால் சைபர். அறுபது மைல் ஓட்டிப் போய் வந்தீர்களா? நல்லது, ஊர் பார்த்தாயிற்று. மூன்றாம் தடவையாகப் போய்க் கதவிடுக்கில் கார்டைச் செருகிவிட்டு வந்தீர்களா? புண்ணியம். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். எதிர்வீட்டுப் பையனின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பார். “நல்ல பையன்தான் போல, சத்தம் கித்தம் ஒண்ணும் கிடையாது” என்பார். முடிந்தது பேட்டி. காபி தந்தால் மறுத்துவிடுங்கள். காபிக்கு யூனிட் இல்லை.

2. விஷயம் தெரிந்தவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முன்னாள் மனைவி, பழைய பார்ட்னர், கடன் கொடுத்து ஏமாந்த மைத்துனர்: இவர்களைப் போல உங்கள் டார்கெட்டுக்கு எதிரி யாரும் இல்லை. ஒவ்வொருவரும் சொல்லும் கதையிலிருந்து ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு கோர்ட், இரண்டு புதுச் சாட்சிகள் கிளைவிடும். அத்தனையையும் போய்ப் பார்க்க வேண்டும். கேஸ் முடிக்க வேண்டிய தேதியோ நகராது. “அது ஒரு பெரிய கதைங்க” என்று அவர் மூச்சை இழுக்கும்போதே நோட்டை மூடிவிடுங்கள். கேள்வியையே பதிலோடு சேர்த்துக் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது: “சொல்ற மாதிரி பெரிசா ஒண்ணும் இல்லையே?”

3. எட்டு மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதுங்கள்.

மத்தியானம் காரில் ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து, வாயில் பாதி சாண்ட்விச்சோடு கிறுக்கினீர்களே, அதை இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் வைத்து டைப் அடியுங்கள். “ஏழு வருடமாகத் தெரியும்” என்றாரா, “ஒரு வருடமாக” என்றாரா? கையெழுத்து உங்களுடையதுதான், ஆனால் தெரியவில்லை. எதைப் போட்டால் ரிப்போர்ட் திரும்பி வராதோ அதைப் போடுங்கள். ஏனென்றால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினால் அதைத் திருத்துவதற்கும் யூனிட் கிடையாது.

ஓவர்டைம் கேட்கலாம். கேட்டால், உங்களுக்கு நேரத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். ஆகவே வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை நாட்டுப்பற்றில் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் உண்மை பேசுகிறாரா என்று சோதிப்பவர் தன் வேலை நேரத்தைப் பற்றிப் பொய் எழுதுவது கொஞ்சம் உறுத்தும். இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்.

சம்பளமே இல்லாமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரா நீங்கள்? கார் உங்களுடையது, விடுப்பு கிடையாது, காப்பீடு கிடையாது. உங்களுக்கு முதலாளி நீங்களேதான். திட்ட வேண்டுமானால் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்.

4. சொற்களை மென்மையாகப் போடுங்கள்.

ஆரன் அலெக்சிஸ் 2004இல் சியாட்டிலில் ஒருவருடைய கார் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதானவர். 2007இல் கடற்படையில் சேர்ந்தபோது அவருடைய பின்னணியை விசாரித்தார்கள். போலீஸ் அறிக்கையை வாங்கிச் சேர்க்கவில்லை. கடற்படைக்குப் போன ரிப்போர்ட்டில் டயரின் காற்றை இறக்கினார் என்று இருந்தது, துப்பாக்கி இல்லை. ரகசியக் கோப்பைப் பார்க்கும் அனுமதி கிடைத்தது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படை வளாகத்தில் அவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்.

இதற்கு மேல் உற்சாகமாகப் பாடம் நடத்த எனக்கே வாய் வரவில்லை. ஆனால் பாடம் இருக்கிறது: அந்தக் கோப்பு முழுமையானது, விசாரணை விதிகளுக்கு உட்பட்டது என்றுதான் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகம் சொன்னது. விதிப்படி கட்டங்கள் நிரம்பியிருந்தால் போதும்.

5. சில்லறையாகப் பொய் சொல்லாதீர்கள்.

அனுபவமில்லாதவர்கள் தவறுவது இங்கேதான். டார்கெட் எட்டவில்லை, மாதக் கடைசி, ஆள் சிக்கவில்லை. சந்திக்காதவரைச் சந்தித்ததாக ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். அரசு ஆட்கள் மறுபடி போய் அந்தச் சாட்சியிடமே கேட்பார்கள். மாட்டினால் அது கிரிமினல் குற்றம். இப்படி எழுதிய விசாரணையாளர்கள் ஒவ்வொருவராகக் கோர்ட்டில் நின்று தண்டனை வாங்கியிருக்கிறார்கள். டார்கெட் வைத்தவர் யாரும் கூட வந்து நிற்கவில்லை.

மொத்தமாகச் செய்யுங்கள். யு.எஸ்.ஐ.எஸ். கம்பெனியைப் பாருங்கள். ஓ.பி.எம். எனப்படும் அரசுப் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் விசாரணைப் பிரிவாக இருந்தது, 1996இல் தனியாருக்குப் போனது. பிறகு இந்தத் தொழிலிலேயே பெரிய காண்ட்ராக்டர். பிற்பாடு அரசு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனை 2011இல் மறுவிசாரணை செய்ததும், முன்பு சொன்ன அலெக்சிஸை விசாரித்ததும் இவர்களே. 2008 மார்ச் முதல் 2012 செப்டம்பர் வரை குறைந்தது 6,65,000 கேஸ்களை, அதாவது நூற்றுக்கு நாற்பதை, முழுதாகச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாக அரசுக்கு அனுப்பினார்கள் என்று அமெரிக்க நீதித்துறை 2014 ஜனவரியில் குற்றம்சாட்டியது. காலாண்டுக் கணக்கு முடிவதற்குள் அலமாரி காலியாக வேண்டும் அல்லவா? செத்த தங்கமீனைக் கழிப்பறையில் விட்டுத் தண்ணீரை இழுத்துவிட்ட மாதிரி எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று என்று உள்ளேயிருந்து ஒருவர் இமெயிலே எழுதியிருக்கிறார்.

கம்பெனியில் ஒரே சரிபார்ப்பாளர் ஒரு மாதத்தில் 15,000க்கு மேற்பட்ட ரிப்போர்ட்டுகளை அனுமதித்து அனுப்பியதாக அரசுத் தணிக்கையில் பிறகு தெரிந்தது. நாளுக்கு எட்டு மணி, மாதத்துக்கு 22 நாள் என்று வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டுக்கு 42 வினாடி. நீங்கள் பாதி ராத்திரி வரை உட்கார்ந்து அடித்தீர்களே, அதற்குத்தான்.

சரி, தண்டனை என்ன? முதலில் பரிசைச் சொல்கிறேன். 2008, 2009, 2010 ஆகிய ஆண்டுகளுக்குச் சிறப்பாக வேலை செய்ததற்காக அரசு கொடுத்த ஊக்கத்தொகை 1.1 கோடி டாலருக்கு மேல். பிறகு 2015இல் சமரசம். அரசிடமிருந்து வரவேண்டிய பாக்கியில் குறைந்தது 3 கோடி டாலரை விட்டுக்கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. குற்றம் நிரூபிக்கப்பட்டதாக அந்தச் சமரசம் சொல்லவில்லை. ஆகவே ஒரு பத்தியைக் கற்பனை செய்யும் எண்ணம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு லட்சம் சேரட்டும்.

6. வேலை போனால் அழாதீர்கள்.

2014 ஆகஸ்டில் அதே யு.எஸ்.ஐ.எஸ். கம்பெனியின் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது ஓ.பி.எம். சுமார் 2,500 பேருக்கு வேலை போயிற்று. விசாரிக்க வேண்டியவர்கள் மட்டும் குறையவில்லை. 2018இல் தேங்கிய கேஸ்கள் ஏழு லட்சத்தைத் தாண்டின. எனவே ஆள் வேண்டும். இன்னொரு காண்ட்ராக்டர் கூப்பிடுவார். அதே தெரு, அதே பெரியவர், புது அடையாள அட்டை.

7. உங்கள் பின்னணியையும் விசாரிப்பார்கள். பயப்படாதீர்கள்.

செய்யாத 1,600 கடன் சரிபார்ப்புகளைச் செய்ததாக எழுதிய ஒரு பெண் ஊழியரைப் பற்றி ஓ.பி.எம்.மின் தலைமைக் கண்காணிப்பாளர் 2013இல் செனட்டில் சொன்னார். அந்தப் பெண் வேலைக்குச் சேரும்போது அவருடைய பின்னணியையும் ஒருவர் விசாரித்திருக்கிறார். அதுவும் பொய் ரிப்போர்ட்; அந்த விசாரணையாளர் வேறொரு மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டவர். ஆகவே படிவத்தை வாங்குங்கள், நிரப்புங்கள். உங்களை நன்கு அறிந்த அண்டைவீட்டார் பெயரைக் கேட்கும் இடத்தில் தயங்காதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ அவர் பெயரைப் போடுங்கள்.