காது வெட்டின ஆடு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி தொங்குது? ஜர்னலுக்கு அனுப்பின கட்டுரைய, 38 சதவீதம் காப்பின்னு திருப்பி அனுப்பிட்டானுங்களா? அடேயப்பா, அப்போ 62 சதவீதம் உன் சொந்தச் சரக்கா! நம்ம வம்சத்துல இவ்வளவு சொந்தப் புத்தி யாருக்கும் இருந்ததில்லடா.

சரி, திருடறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒழுங்காத் திருடணும். நம்ம புதுச்சேரியில இந்தக் கதிர்காமம் வயக்காடா இருந்தப்ப ஆடு திருடறவன் என்ன பண்ணுவான் தெரியுமா? காதுல சொந்தக்காரன் போட்ட அடையாளத்து மேல இன்னொரு வெட்டுப் போடுவான். கேள்விப்பட்டதுடா, முறைக்காத. ஆனா சாயங்காலம் ஆனா அந்த ஆடு கத்திக்கிட்டே பழைய பட்டிக்குத்தான் போவும்.

நீயும் காதைத்தான் வெட்டப் பாக்குற. வார்த்தைய மாத்திக் குடுக்கிற சாஃப்ட்வேர் இருக்குன்னியே, தாராளமாப் போடு. 2021-ல துலூஸ் ஊர்க்காரர் கபனாக்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் இப்படிக் காது வெட்டின ஆடுங்களாப் புடிச்சாங்க. அவரு பிரெஞ்சுக்காரர், நம்மள ஆண்டவனுங்க எதையும் கணக்கு வச்சுத்தான் புடிப்பானுங்க. 'செயற்கை நுண்ணறிவு' கள்ள உணர்வு ஆயிருந்துச்சாம். 'மார்பகப் புற்றுநோய்' மார்பு அபாயம் ஆயிருந்துச்சாம். சித்திரவதைப்பட்ட சொற்கள்னு அதுக்குப் பேரே வச்சுட்டாங்க. நீ டாக்டர் ஆவப்போறவன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற அம்மாகிட்ட, "உங்களுக்கு மார்பு அபாயம்"னு சொல்லிப் பாரு. செருப்பு எந்தப் பக்கத்திலேருந்து வருதுன்னு எனக்கு வந்து சொல்லு.

பயந்துடாத. யூஜிசி 2018-ல போட்ட விதிய உன் தங்கச்சி செல்லுல படிச்சுக் காட்டினா. 10 சதவீதம் வரைக்கும் தண்டனையே கிடையாதாம். அதுக்கு மேல 40 வரைக்கும் கட்டுரைய வாபஸ் வாங்கணும். உன் 38 அதுலதான் வருது, ரெண்டு சதவீதத்துல தப்பிச்சே. 40 தாண்டினா ஒரு இன்க்ரிமெண்ட் போவும், ரெண்டு வருஷம் புதுசா மாணவன் யாரையும் எடுக்க முடியாது. 60 தாண்டினா ரெண்டு இன்க்ரிமெண்ட், மூணு வருஷம். பொதுவாப் புழங்குற சொல்லு 14 வரைக்கும் தொடர்ச்சியா வந்தா கணக்குல சேராதாம். பதினஞ்சாவத மட்டும் மாத்தலாம்னு நீ விரல்விட்டு எண்றது எனக்குத் தெரியுதுடா.

பெரிய மனுசன் மாட்ட மாட்டான்னு நினைச்சியா? வடக்கே குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 2002-ல கருந்துளை பத்தி ஒரு கட்டுரை. அது ஸ்டான்ஃபோர்டுல ரெனாட்டா கல்லோஷ்னு ஒரு அம்மா முன்னாடியே எழுதினது. அங்கேருந்து விஞ்ஞானிங்க, அப்ப ஜனாதிபதியா இருந்த நம்ம ராமேஸ்வரத்துக் கலாமுக்கே கடுதாசி போட்டுட்டாங்க. விசாரணை வந்து, 2003-ல அவர் ராஜினாமா. கருந்துளைக்குள்ள போனது வெளிய வராதுன்னு நீதானே சொன்ன? இது வந்துடுச்சே! அவ்வளவு தூரம் ஏன், 2015-ல நம்ம காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துலயே துணைவேந்தர் மேல புத்தகக் காப்பிப் புகார் கிளம்பி… மெதுவாப் பேசு, எதிர்வீட்டுக்காரரு காது கூர்மை.

அச்சான பிறகு மாட்டினா இன்னும் விசேஷம். கட்டுரையக் கிழிச்சுப் போடவும் மாட்டானுங்க. 'திரும்பப் பெறப்பட்டது'ன்னு தலையில சூடு போட்டு, உன் பேரோட நெட்டுலயே கட்டி வச்சிருப்பானுங்க. உன் பேரப்புள்ள தேடினாலும் கிடைக்கும்.

இல்ல, கௌரவமா இருக்கணும்னு ஆசைப்பட்டா வேற வழி இருக்கு, ஆனா சப்புன்னு இருக்கும். மேற்கோள் குறி போட்டு, "இது இன்னார் பட்டி ஆடு"ன்னு பேரை எழுதிடு. அதைக் காப்பிக் கணக்குல சேக்கிறதில்ல. மிச்சத்த நீயே படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, மூலக் கட்டுரைய மூடி வச்சுட்டு எழுது. மூடி வச்சா ஒண்ணுமே வரலையா? அப்போ உனக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம், மறுபடி தொறந்து படி.

ஆடு திருடறது எப்படி இவ்வளவு தெரியும்னா கேக்குற? சரி, நான் காது வெட்டின ஆடும் கத்திக்கிட்டே பழைய பட்டிக்குத்தான் போச்சு. பட்டிக்காரர் என்னைப் புளியமரத்துல கட்டி வச்சுட்டாரு. அப்ப யாருக்கும் தெரியாம ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்த அவரு பொண்ணுதான், இப்ப உள்ள உனக்குக் காபி போட்டுக்கிட்டு இருக்கா.