எச்சில், கட்டைவிரல், அடைப்பான்: பாஸ் மீன்பிடிப்பில் விலையில்லாக் கருவிகளின் இடம்

அமெரிக்க ஏரிகளில் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோர் பெரிதும் நாடுவதும், அவர்தம் கொட்டகைகளையும் வண்டிகளையும் சில இல்லங்களில் படுக்கையறையின் பாதியையும் கருவிகளால் நிரப்பியதுமான பெருவாய் பாஸ் என்னும் நன்னீர் மீன், முறைப்படி நோக்கின் பாஸே அன்று. கடல் பாஸ்களோடு நெருங்கிய உறவில்லாத இது, சூரியமீன் குடும்பம் எனப்படும் வட அமெரிக்க நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பேரினப் பெயரும் ஒரு விபத்தின் விளைவாகும். 1802ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெப்பேட், இதன் நெருங்கிய உறவான சிறுவாய் பாஸை விவரித்தபோது, அவர் கைக்குக் கிடைத்த மாதிரியின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்ததால், தனித்து நின்ற துண்டை ஒரு சிறு துடுப்பெனக் கொண்டு, 'சிறு துடுப்புடையது' எனப் பொருள்படும் 'மைக்ரோப்டெரஸ்' என்ற பெயரைச் சூட்டினார். தமிழ் எழுத்திலோ பாஸ் என்பது தேர்வில் தேறுதலையும் அலுவலக மேலதிகாரியையும் ஒருங்கே குறிக்குமாதலின், குழப்பம் இங்கு மேலும் செழிக்கிறது. எனினும் மீன் இதுபற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை.

இம்மீனைப் பிடிக்க உதவும் கருவிகளை விலையின்படி வரிசைப்படுத்துவது கடைக்காரர் மரபு. தேவையின்படி வரிசைப்படுத்தினால் அவ்வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது என்பதும், கோல், ரீல், படகு ஆகிய பெருங்கருவிகள் ஒவ்வொன்றும் கடையில் கிடைக்காத அல்லது காசு பெறாத ஏதோ ஒன்றையே நம்பி நிற்கின்றன என்பதும் இவ்வாய்வின் முடிபு.

முதலாவது எச்சில். தமிழகக் கரைகளில் தங்கூஸ் என்று வழங்கும் தூண்டில் நரம்பு, பாஸ் பிடிப்போரிடையே மூவகைப்படும். ஒற்றையிழை நைலான் சற்றே நீள்வது, மெதுவாக மூழ்குவது; ஆதலின் நீரின் மேற்பரப்பில் ஓடும் போலி இரைகளுக்கு ஏற்றது. ஃபுளூரோகார்பன் விரைந்து மூழ்குவது. அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீரினுடையது 1.33 ஆகையால், தெளிந்த நீரில் நைலானை விட மங்கலாகவே தெரிவது. பின்னல் நரம்பு நீளாதது, பாசியை அறுத்து வருவது, ஆனால் மீனுக்கு நன்கு புலப்படுவது. முதலிரண்டையும் உலர்ந்த நிலையில் முடிச்சிட்டு இறுக்கினால், உராய்வின் சூட்டில் இழை நலிந்து, பெரிய மீன் இழுக்கும் அந்த ஒரு கணத்தில் முடிச்சிலேயே அறுந்துவிடும். ஆகவே நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, அம்மடிப்பைக் கொண்டே ஒரு சாதாரண முடிச்சிட்டு, எஞ்சிய வளையத்தினுள் முள்ளையே புகுத்தி இழுக்கும் பாலோமார் முடிச்சாயினும், வேறெந்த முடிச்சாயினும், இறுக்குவதற்கு முன் அதை வாயில் வைத்து நனைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கும் பாட்டிமார் இதனைக் கோட்பாடாக வகுக்காமலேயே கடைப்பிடித்து வந்துள்ளனர்.

இரண்டாவதும் தலையாயதும் கட்டைவிரல். கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்னும் ஊரில் கடிகாரம் செய்து வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால் உருளை பலமுறை சுழலும் பற்சக்கர ரீலை உருவாக்கினார். இன்றைய பெய்ட்காஸ்டர் ரீல் அம்மரபின் வழித்தோன்றல். இதில் வீசும்போது உருளையே சுழல்வதால், இரை காற்றில் வேகம் குறைந்த பின்னும் உருளை தன் பழைய வேகத்திலேயே நரம்பை விட்டுக்கொண்டிருக்க, போக இடமில்லாத நரம்பு உள்ளேயே சுருண்டு, தூக்கணாங்குருவியும் வியக்கத்தக்க ஒரு கூடாகிவிடுகிறது. இதனைத் தடுக்கக் காந்தத் தடையும் மையவிலக்குத் தடையும் ரீலினுள் வைக்கப்பட்டுள்ளன. கோல் நுனியிலிருந்து விடப்படும் இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்குமாறு இறுக்கத் திருகையும் சரிசெய்து கொள்ளலாம். ஆயினும் இரை நீரைத் தொடுவதற்குச் சற்றுமுன் உருளையை மெல்ல அழுத்தி நிறுத்தும் கட்டைவிரலுக்கு ஈடான தடை இதுகாறும் விற்பனைக்கு வரவில்லை. இவ்விரல் பயிலும் வரை, உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீலைக் கொள்வதே அறிவுடைமை. அல்லது பின்முற்றத்தில், அண்டை வீட்டார் பார்க்காத வேளையில், முள் நீக்கிய ஈயக்குண்டை வீசிப் பழகலாம்.

கட்டைவிரலின் பணி அத்துடன் முடிவதில்லை. பிடிபட்ட பாஸை நீரிலிருந்து எடுக்கும்போது கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பற்றுவதே வழக்கம். இம்மீனின் பற்கள் உப்புத்தாள் போன்ற நுண்பற்களே ஆதலால் விரல் வெட்டுப்படுவதில்லை, தோல் மட்டும் தேய்கிறது. அவ்வாறு தேய்ந்த விரலைத் தூண்டிற்காரர்கள் மருந்திட்டு ஆற்றுவதை விட நண்பர்களுக்குக் காட்டுவதையே விரும்புகின்றனர். பெரிய மீனைத் தாடையைப் பற்றிக் கிடைமட்டமாகத் தூக்கினால் தாடை பழுதுபடுமாகையால், மறு கையை நனைத்து வயிற்றைத் தாங்க வேண்டும்; உலர்ந்த கை மீனின் வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் பெரும் பாஸ் போட்டியை நடத்திய ரே ஸ்காட், 1972இல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடும் முறையைக் கொண்டுவந்த பின்னர், இம்மரியாதைகள் யாவும் கட்டாயம் போலாகிவிட்டன.

இரையைப் பொறுத்தவரை சுருக்கமாகக் கூறின் போதும். ஈர மண்ணைக் கிளறினால் இலவசமாகக் கிடைக்கும் மண்புழுவை, 1949இல் ஒஹாயோவின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கில் வார்த்து, பின்னர் விற்கவும் தொடங்கினார். பாஸும் அதனை ஏற்றுக்கொண்டது. இதனை டெக்சஸ் முறையில் பூட்டுதல் சிறப்பு. அதாவது, துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து, முள்ளைப் புழுவின் தலையில் சிறிது செலுத்தி வெளியே எடுத்துத் திருப்பி, அதன் நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். மறைந்த முள் பாசியிலும் மூழ்கிய மரக்கிளையிலும் சிக்காது. வீசிய பின் இரையைத் தானே இறங்க விடுவது நன்று. மீன் பெரும்பாலும் இறங்கும்போதே கவ்வுவதால், கண் நரம்பின் மேல் இருக்க வேண்டும்.

எளிய கருவி குறித்து ஐயுறுவோர் 1932 ஜூன் 2ஆம் நாளை நோக்குக. அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர், தாமே செய்த படகில், நண்பரோடு பகிர்ந்துகொண்ட ஒரே கோலைக் கொண்டு 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார் என்பர். குடும்பத்தார் அதை உண்டனர். உலகச் சாதனையோ செரிக்கவில்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா ஓர் அவுன்ஸ் அளவுக்குக் கூடுதலான மீனைப் பிடித்தும், பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேறுபாடு வேண்டும் என்ற விதியால், இருவரும் சமமெனவே பதிவாயினர். பெர்ரிக்கு அவ்வாண்டு ஒரு பத்திரிகைப் போட்டியில் பரிசு கிடைத்தது. அது மேலும் கருவிகளாகவே வழங்கப்பட்டது.

இனிப் படகு. 1948இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் பாஸுக்கென்றே ஒரு படகை உருவாக்கினார். ஆயினும் சிறு ஏரிக்குத் தட்டையான அடியுடைய ஜான் படகே போதும். ஆழமற்ற நீரிலும் அது மிதக்கும். கொள்ளளவுத் தகடு இல்லாத சிறு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு, நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15ஆல் வகுக்கும் வாய்பாடு அமெரிக்காவில் வழங்குகிறது. 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள படகு 3.2 மனிதரைத் தாங்கும், எஞ்சும் 0.2 மனிதரின் இடத்தைக் கருவிப் பெட்டி எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், மூன்றாமவரின் இடத்தையும் நாளடைவில் கவர்ந்துவிடுகிறது. மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் 50 ஆம்பியர் இழுக்குமாயின், 100 ஆம்பியர்-மணி ஈயமின்கலம் கணக்குப்படி இரண்டு மணிநேரம் ஓட வேண்டும். மின்கலம் கெடாதிருக்கப் பாதியையே செலவிடலாம் என்பதால், திரும்பும் வழிக்குத் துடுப்பும் உடன் வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் பெட்டிக்கடியில் வைப்பது அதை வீட்டில் வைப்பதற்குச் சமம். படகில் வாழைப்பழம் ஆகாது என்றொரு நம்பிக்கையும் தூண்டிற்காரர்களிடையே உண்டு. வாசலில் வாழை கட்டாமல் நற்காரியம் தொடங்காத தமிழர் இதனை மறுபரிசீலனைக்கு உரியதாகக் கருதலாம்.

மூன்றாவது கருவியான அடைப்பானுக்கு இவ்வாறு வந்தடைகிறோம். படகின் பின்பலகையின் அடியில், உள்ளே சேரும் நீரைக் கரையில் வடிப்பதற்காக ஒரு துளை உண்டு. அதை மூடும் விரலளவுப் பொருளே அடைப்பான். மினசோட்டா போன்ற மாநிலங்களில், வரிக்குதிரைச் சிப்பி முதலிய அயல் உயிரிகள் ஏரிவிட்டு ஏரி பரவாதிருக்க, படகைச் சாலையில் கொண்டு செல்லும்போது இதைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்திற்குக் கீழ்ப்படிந்து கழற்றியவர் ஏரியில் இறக்கும்போது மாட்ட மறப்பதும், மீன்காட்டும் திரையில் ஆழத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும் அவருடைய காலுறைகள் நனைவதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இதற்குத் தீர்வு கூறுவோர் இரு பிரிவினர். அடைப்பானை வண்டிச் சாவியோடு கோப்போர் ஒருசாரார். எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றோடு கட்டினால் அதைக் காணாமல் எஞ்சினை முடுக்கவே இயலாது என்போர் மற்றொருசாரார். அக்கயிறு இல்லாத மின்மோட்டார்ப் படகினர் சிலர், தாம் ஒருபோதும் மறவாத உணவுப் பெட்டிக்குள் அதனை வைக்கின்றனர். அம்முறையின் பயன், பசி கரையில் இருக்கும்போதே எடுக்கிறதா, நடு ஏரியை அடைந்த பின் எடுக்கிறதா என்பதைப் பொறுத்தது.